காவலூரில் பார்த்த இரண்டு மேகங்கள்

ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதி அனுப்பியதோடு வேலை முடிந்துவிடாது. அந்தக் கட்டின் மேல் என்ன 'டிஸ்' என்று எழுத வேண்டும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டும். டி.டிஸ். என்றால் பத்து வருஷம். எல்.டிஸ். என்றால் ஒரு வருஷம் கழித்துக் கிழித்து எறிந்துவிடலாம். இரண்டு எழுத்துதான். ஆனால் எது வாழும், எது சாகும் என்பது அந்த இரண்டு எழுத்தில் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் இதைத்தான் செய்தேன்.

இதே வேலையை வானத்தில் செய்தவர்களைப் பற்றி இன்று எழுதப் போகிறேன். வானம் என்றதும் எனக்கென்ன தெரியும் என்று கேட்பீர்கள். அதிகம் தெரியாது. ஆனால் அந்தக் கதையின் ஒரு முனை நான் படித்த புதுச்சேரியிலும், மறு முனை நான் குப்பை கொட்டிய நம் வேலூர் ஜில்லாவிலும் இருப்பதால் எழுதத் துணிந்தேன்.

முதலில் நம் ஜில்லா. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குள் போனால் காவலூர். 1960-களில் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தவர் வைணு பாப்பு. கொடைக்கானலில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவு வானத்தைப் பார்க்க வேறு இடம் வேண்டும் என்று தேடினார். ஊர் விளக்குகள் எட்டாத இருட்டு வேண்டும். தென்கோடி வானமும் தெரிய வேண்டும், அதற்குப் பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். காவலூர் பன்னிரண்டரை டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. வடக்கு, தெற்கு இரண்டு வானமும் பெரும்பாலும் தெரியும். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு ஆரம்பித்தார்கள். 1972-இல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. பிறகு 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள். அது முடிவதைப் பார்க்க பாப்புவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1982 ஆகஸ்டில் மியூனிக்கில் காலமானார். 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து அதைத் திறந்துவைத்து, பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

காவலூர் அப்போது வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் மாவட்டம் பிரிந்தது. பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 2019-இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. அந்தக் குன்று ஓர் அங்குலம்கூட நகரவில்லை. லேபிள்தான் மாறிக்கொண்டே இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1993 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை நானும் ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேரும் காவலூருக்குப் போனோம். பொதுமக்களுக்காக ஒரு சிறிய தொலைநோக்கி வைத்திருந்தார்கள். அமாவாசையை ஒட்டிய நாள், நல்ல குளிர். மப்ளர் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. காட்டிக்கொண்டிருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

"நடுவுல நீளமா ஒரு மேகம் மாதிரி தெரியுதா சார்? அதுதான் ஆண்ட்ரோமெடா. பக்கத்துல சின்னதா, உருண்டையா ஒண்ணு இருக்கும் பாருங்க."

"ஃபோகஸ் ஆகாத நட்சத்திரம் மாதிரி இருக்கேப்பா."

"நட்சத்திரம் இல்ல சார். அதுவும் ஒரு கேலக்ஸி. எம்32-ன்னு பேரு."

பின்னால் நின்றவர் இருமினார். நகர்ந்துவிட்டேன். எம்32 என்ற எண் மட்டும் மனதில் நின்றது, அரசாங்கக் கோப்பு எண் மாதிரி இருந்ததாலோ என்னவோ.

சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் புதுச்சேரி போனபோது, ரோமன் ரோலன் நூலகத்தில் ஒரு பழைய பிரெஞ்சு வானியல் புத்தகத்தைப் புரட்டினேன். எம்32-ஐத் தேடினேன். 1749-இல் கண்டுபிடித்தவர் கியோம் லெ ழாந்தி என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெயர் எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அப்பா காலமான பிறகுதான் குடியாத்தம் மாமா வீட்டுக்கு வந்து, எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதி, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் முசே லெ ழாந்தியின் கதையைச் சொல்லுவார். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். கதை இதுதான்.

வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து போவது அபூர்வம். எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை நடக்கும், பிறகு நூறு வருஷத்துக்கு மேல் நடக்காது. அதை உலகின் பல இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் அளந்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். 1761 ஜூன் 6-இல் நடக்கப்போவதைப் பார்க்க, பாரிஸ் அகாடமியின் லெ ழாந்தி 1760 மார்ச்சிலேயே புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வழியில் மொரீஷியஸில் மாதக்கணக்கில் தங்க வேண்டியதாயிற்று. கப்பல் மலபார் கரைக்கு வந்தபோது, புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. கப்பல் திரும்பியது. வெள்ளி சூரியனைக் கடந்தபோது லெ ழாந்தி நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் நின்றுகொண்டிருந்தார். பார்த்தார், ஆனால் அளக்க முடியவில்லை.

சரி, எட்டு வருஷம் இருந்து அடுத்ததைப் பார்த்துவிடலாம் என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். அதற்குள் சமாதான உடன்படிக்கையில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தது. 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். இடிந்துகிடந்த கவர்னர் மாளிகையின் மேல் வானாய்வுக்கூடம் கட்டினார்கள். மெட்ராஸ் ஆங்கிலேயர் ஒரு நல்ல தொலைநோக்கியை இரவல் கொடுத்தார்கள். 1769 ஜூன் 4 காலை. அதற்கு முந்தைய இரவு வானம் பளிச்சென்று இருந்தது. விடியும் நேரத்தில் மேகம் வந்து மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்ததும் சூரியன் வெளியே வந்தது.

அங்கேதான் நாங்கள் சிரிப்போம். "துரதிர்ஷ்டக்காரன்" என்ற ஒரே லேபிளில் அந்த மனிதரை எங்களுக்குக் கொடுத்தார்கள். அப்படியே மனதில் போட்டு மூடிவைத்துவிட்டோம்.

அதே மனிதர் புதுச்சேரியில் காத்திருந்த காலத்தில் வேறொன்றும் செய்தார். கிரகணம் கணிக்கும் உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து நம் முறையைக் கற்றுக்கொண்டார். அவர் சோழிகளை வைத்து, மனப்பாடமாகத் தெரிந்த சூத்திரங்களைச் சொல்லிக்கொண்டே கணக்குப் போட்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று இந்த முறையில் போட்ட கணக்கில் 41 விநாடிதான் பிசகு. ஐரோப்பாவில் பெயர்பெற்ற மேயர் என்பவரின் அட்டவணைப்படி போட்டால் 68 விநாடி பிசகியது. லெ ழாந்தி இதை மறைக்காமல் தன் புத்தகத்தில் எழுதிவைத்தார். பள்ளிக்கூடத்தில் இதையும் யாரும் சொல்லவில்லை. 24 வயதில் ஆண்ட்ரோமெடாவின் பக்கத்தில் இன்னொரு கேலக்ஸியைக் கண்டவர் என்பதையும் சொல்லவில்லை.

அப்படியென்றால் எம்32 என்ற பெயர் எப்படி வந்தது? அதில் உள்ள 'எம்' மெஸ்ஸியே. ஷார்ல் மெஸ்ஸியே லெ ழாந்தியின் காலத்தவர், பாரிஸ்காரர். அவருக்கு வால்மீன் பிடிப்பது ஒன்றுதான் குறி. வால்மீன் முதலில் தெரியும்போது மங்கலான பஞ்சுத் துணுக்கு மாதிரி இருக்கும். வானத்தில் அதே மாதிரி வேறு துணுக்குகளும் உண்டு. அவை நகராது, வால்மீன் நகரும். நகராத துணுக்கைப் பார்த்து ஏமாந்து பல இரவுகள் வீணாயின. ஆகவே, 'இவற்றைப் பார்த்து ஏமாறாதே' என்று ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார். 1781-இல் அது 103 வரிசை எண்களுக்கு வந்தது. பின்னால் மற்றவர்கள் சேர்த்து 110 ஆக்கினார்கள். லெ ழாந்தி கண்டது அதில் 32-ஆவது.

அது கழித்துக்கட்டுவதற்காகப் போட்ட பட்டியல். நம் பாஷையில் சொன்னால் எல்.டிஸ். பட்டியல். மெஸ்ஸியே உயிரைக் கொடுத்துப் பிடித்த வால்மீன்களின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் ஒதுக்கிய 110-ஐ இன்று தொலைநோக்கி வாங்குகிற ஒவ்வொருவரும் தேடிப் பார்க்கிறார்கள். அவற்றில் சுமார் நாற்பது, கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கொண்ட தனித்தனி கேலக்ஸிகள்.

இது தெரியவர இன்னும் நூற்றைம்பது வருஷம் ஆயிற்று. அதுவரை எல்லாவற்றுக்கும் 'நெபுலா', அதாவது மேகம், என்று ஒரே பெயர்தான். 1845-இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு ஆறடி அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியைக் கட்டி, மெஸ்ஸியே பட்டியலின் 51-ஆவதைப் பார்த்தார். நீர்ச்சுழல் மாதிரி சுருள் சுருளாக இருந்தது. இந்தச் சுருள்கள் நம் பால்வீதிக்குள்ளேயே இருக்கும் வாயுச் சுழல்களா, அல்லது வெளியே தூரத்தில் இருக்கும் தனி உலகங்களா என்று பெரிய சண்டை. 1923-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமெடாவுக்குள் ஒரு விதமான நட்சத்திரத்தைக் கண்டார். சீரான கால அளவில் கூடிக் குறையும் ஒளி அது. எத்தனை நாளுக்கு ஒரு தடவை கூடிக் குறைகிறது என்று பார்த்தால் அதன் உண்மையான வெளிச்சம் தெரியும். உண்மையான வெளிச்சம் தெரிந்தால் தூரம் தெரியும். கணக்குப் போட்டார். ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெகுதூரம் வெளியே இருந்தது. இன்றைய கணக்குப்படி 25 லட்சம் ஒளியாண்டு. நான் காவலூரில் மப்ளரோடு நின்று பார்த்த வெளிச்சம், மனிதன் இன்றைய மனிதனாக ஆவதற்கு முன்பே புறப்பட்ட வெளிச்சம்.

1926-இல் ஹப்பிள் இவற்றை வகை பிரித்தார். எப்படிப் பிரித்தார் என்பதை நம் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். டேனரியில் தோல் பிரிக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சமான இடத்தில் மேஜை மேல் தோலை விரித்து, கண்ணால் ஒரு பார்வை, கையால் ஒரு தடவல். உடனே இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று தனித்தனியாக அடுக்கிவிடுவார். அந்த மாடு எங்கே மேய்ந்தது என்ன தின்றது என்று விசாரிப்பதில்லை. ஹப்பிளும் போட்டோத் தகடுகளை விரித்துவைத்துக் கண்ணால்தான் பிரித்தார்.

முதல் அடுக்கு, நீள்வட்டக் கேலக்ஸிகள். சுருளும் இல்லை, உருவமும் இல்லை, வழவழவென்று இருக்கும். முழு உருண்டையானது ஈ0, மிகத் தட்டையானது ஈ7. புதிய நட்சத்திரம் பிறக்கத் தேவையான வாயு இவற்றில் குறைவு. பெரும்பாலும் கிழ நட்சத்திரங்கள், சிவந்த வெளிச்சம். லெ ழாந்தியின் எம்32 இந்த வகையில் ஒரு குள்ளன்.

இரண்டாவது, சுருள் கேலக்ஸிகள். நடுவில் உப்பிய பகுதி, அதைச் சுற்றித் தட்டு, தட்டில் சுருளும் கைகள். நடு பெரிதாகவும் கைகள் இறுக்கமாகவும் இருந்தால் எஸ்ஏ. நடு சிறிதாகி, கைகள் தளர்ந்து விரிந்தால் எஸ்பி, எஸ்சி. ஆண்ட்ரோமெடா எஸ்பி. கைகளில் வாயுவும் தூசியும் இருப்பதால் அங்கே இன்னும் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. சிலவற்றின் நடுவில் ஒரு நேர்க்கட்டை மாதிரி நட்சத்திரப் பட்டை கிடக்கும். கைகள் அந்தக் கட்டையின் இரண்டு முனையிலிருந்து புறப்படும். இவை பட்டைச் சுருள்கள். நீள்வட்டத்துக்கும் சுருளுக்கும் நடுவில், தட்டு இருந்தும் சுருள் இல்லாதவற்றுக்கு எஸ்0 என்று ஓர் இடைநிலையும் உண்டு. எந்த அடுக்கிலும் சேராதவை ஒழுங்கற்றவை. தெற்கு வானத்து மெகல்லன் மேகங்கள் இதற்கு உதாரணம். 1987-இல் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தபோது, தென் அடிவானத்தை ஒட்டித் தெரிந்த அதைக் காவலூரிலிருந்தும் படம் பிடித்தார்கள். பாப்பு இந்த அட்சரேகையைத் தேர்ந்தெடுத்ததன் பலன் அது.

ஹப்பிள் 1936-இல் இந்த வகைகளை ஒரு கவை மாதிரி வரைந்துகாட்டினார். இடது பக்கம் கைப்பிடியாக நீள்வட்டங்கள், வலது பக்கம் இரண்டு கிளையாகச் சுருள்களும் பட்டைச் சுருள்களும். இடது பக்கம் இருப்பவற்றை 'முந்தியவை' என்றும், வலது பக்கம் இருப்பவற்றைப் 'பிந்தியவை' என்றும் குறித்தார். வரிசையைச் சொல்வதற்குத்தான் இந்தச் சொற்கள், வயதைச் சொல்ல அல்ல என்று அவரே எச்சரித்தார். ஆனால் 'முந்தியது' என்று எழுதிவைத்தால் படிக்கிறவன் என்ன நினைப்பான்? நீள்வட்டமாகப் பிறந்து, வயதாக ஆகச் சுருளாக விரிகிறது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

நடப்பது கிட்டத்தட்ட தலைகீழ். 1972-இல் டூம்ரி என்ற சகோதரர்கள் இரண்டு சுருள் கேலக்ஸிகள் மோதினால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கைகள் பிய்ந்து நீளமான வால்களாகின்றன. அப்படி மோதிக் கலந்தவை கடைசியில் உருவமற்ற நீள்வட்டமாக அடங்கும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டது. 'முந்தியது' என்று பெயர் எழுதிய பெட்டியில் பின்னால் வந்தவை பல இருக்கின்றன. பெயரை மட்டும் இன்றுவரை மாற்றவில்லை. அரசாங்க ஆபீஸ் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த அடுக்குகளைப் பிறகு விரிவாகத் திருத்தியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், ழெரார் தெ வோகூலேர். 1959-இல் அவர், பட்டை உண்டு, இல்லை என்ற இரண்டோடு நிறுத்தாமல், கொஞ்சம் உண்டு என்று நடுவில் ஓர் இடம் கொடுத்தார். வளையம் உள்ளவை, இல்லாதவை என்றும் பிரித்தார். நம் பால்வீதியே பட்டைச் சுருளாக இருக்கலாம் என்று 1964-இல் சொன்னார். அது சரி என்று பின்னால் தெரிந்தது. நாம் குடியிருக்கும் வீட்டின் வகையே அவ்வளவு காலம் நமக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

இப்போது லெ ழாந்தி ஊர் திரும்பிய கதை. பதினோரு வருஷம் கழித்து 1771 அக்டோபரில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். அவர் எழுதிய கடிதங்கள் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஆள் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அகாடமியில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். உறவினர்கள் சொத்தைப் பங்கிடக் கிளம்பிவிட்டார்கள். உயிரோடு நேரில் நிற்கிற மனிதர், தான் உயிரோடிருப்பதாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அரசர் தலையிட்டு அகாடமியில் இடம் திரும்பக் கிடைத்தது. கல்யாணம் செய்துகொண்டு, ஒரு பெண் குழந்தையோடு நன்றாகத்தான் வாழ்ந்தார். 1792-இல் காலமானார். அதே வருஷம்தான் மெட்ராஸில் கம்பெனியின் வானாய்வுக்கூடம் எழுந்தது. அதன் வழியில் கொடைக்கானல் வந்தது, கொடைக்கானலின் வழியில் காவலூர் வந்தது.

பள்ளிக்கூடத்தில் இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் அதிகம் சிரிப்போம். நூலகத்தில் அதை மறுபடி படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தாலுகா ஆபீசில் இருந்தேன். ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது என்றார். அதே ஊரில் அதே பெயருள்ள வேறொருவர் இறந்ததை வைத்து இவர் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள். ஆர்.ஐ. விசாரித்து, இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று அறிக்கை கொடுத்தார். பணம் மறுபடி வந்தது. கட்டை மூடும் வேலை எனக்கு. பத்து வருஷம் இருக்க வேண்டிய கட்டு. சின்ன விஷயம், முடிந்துபோனது என்று நினைத்து எல்.டிஸ். என்று எழுதினேன். யோசித்துக்கூட எழுதவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்த அம்மாள் மறுபடி வந்தார். பட்டியலைப் புதிதாக எழுதியபோது பழைய தவறு திரும்ப ஏறிவிட்டது. "போன தடவை நீங்கதானேப்பா சரி பண்ணிக் குடுத்தீங்க, அந்தக் காகிதத்தைப் பாருங்க" என்றார். ரெக்கார்டு ரூமில் போய்த் தேடுவது போல் தேடினேன். அது கிழிக்கப்பட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். "இல்லைம்மா" என்றேன். முதலிலிருந்து மனு, விசாரணை, அறிக்கை. ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் மகன் டேனரியில் வாங்கிய கூலியில்தான் சாப்பிட்டார். மகனுக்கு இரண்டு பிள்ளைகள். பணம் வந்த அன்று, கையில் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். தவறு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது கட்டின் மேல் ஆர்.டிஸ். என்று எழுதினேன். விதிப்படி அதுவும் தப்புதான். மேலதிகாரி கேட்டார். "இருக்கட்டும் சார்" என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

இப்போது கண் மங்கிவிட்டது, காவலூருக்குப் போனாலும் அந்தச் சின்ன உருண்டை தெரியுமா என்பது சந்தேகம். டிசம்பர் மாதம் மொட்டை மாடிக்குப் போனால், வேலூர் விளக்கு வெளிச்சத்தில் ஆண்ட்ரோமெடாவே தெரிவதில்லை. இருந்தாலும் அது இருக்கும் திசை எனக்குத் தெரியும். மெஸ்ஸியே ஒதுக்கியது, லெ ழாந்தி பார்த்தது, இரண்டு மேகமும் அங்கேதான் இருக்கின்றன. அந்தத் திசையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கீழே வருகிறேன்.